டிரசரம்மாவின் வெள்ளைக் கம்பளி நூல்

வெள்ளிக்கிழமை காலையில் பிரேமாவதி தகரப் பெட்டியைத் திறந்து கம்பளி நூலை வெயிலில் காயப் போட்டால் போதும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் யாராவது ஒருத்தர் வேலியோரம் நின்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் போகமாட்டார்.

“ஏம்மா, இந்த வெயில்ல யாருக்கு இந்தக் கம்பளி?”

பதினோரு வருஷமாக இதே கேள்வி. கல்யாணமாகி கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த முதல் வாரத்தில் கேட்க ஆரம்பித்தார்கள், இன்னும் விடவில்லை. சீட்டு ஆடுகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சேவல் வளர்க்கிறவனையும் கேட்பதில்லை. ஒரு பொம்பளை தன்பாட்டுக்கு இரண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால் மட்டும் ஊருக்கே காரணம் சொல்லியாக வேண்டும். “எனக்குத்தான். போய் மருந்தை வாங்கிட்டுப் போங்க,” என்பாள், தலையைத் தூக்காமல்.

அவள் கணவன் முருகையா தோட்டத்து டிரசர். மருந்து கலக்குவது, புண் கட்டுவது, ஊசி போடுவது அவர் வேலை. டாக்டர் மாதம் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், மற்ற நாளெல்லாம் இவர்தான் டாக்டர். அதனால் பிரேமாவதி எல்லாருக்கும் டிரசரம்மா. அலோர் ஸ்டாரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தார்கள், அவள் தலையில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் கம்பளி பின்னச் சொல்லிக்கொடுத்தார்கள், அது விரலில் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்ட எதற்கும் உறை பின்னினாள். டீக்கூஜாவுக்கு உறை, மேஜைக் கடிகாரத்துக்கு உறை, முருகையாவின் தெர்மாமீட்டருக்குக்கூட ஒரு குட்டிப் பச்சை உறை. பாதியில் நின்றவை இன்னும் அதிகம். ஜோடி இல்லாத காலுறைகள் மட்டும் நாலு கிடந்தன.

நூல் வாங்க வருஷத்துக்கு இரண்டு தடவை ரயிலேறி அலோர் ஸ்டாருக்குப் போவாள். ஹபீப் முகம்மதுவின் கடையில் வெள்ளைக்காரப் பெண்களுக்காகக் கம்பளி நூல் வரவழைத்து வைத்திருப்பார்கள். அங்கே ஒரு யுத்தம் நடக்கும். ஒவ்வொரு உருண்டையையும் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்கும், அதில் ஒரு நம்பர். நம்பர் ஒன்றாக இருந்தால் ஒரே தொட்டியில் சாயம் முக்கியது என்று அர்த்தம். நம்பர் மாறினால் நிறமும் மயிரிழை மாறும், பின்னி முடித்த பிறகுதான் பல்லைக் காட்டும்.

“பாய், இதுல ரெண்டு உருண்டை வேற நம்பர்.”

“நம்பரையாம்மா போட்டுக்கப் போறீங்க? வெள்ளைன்னா வெள்ளைதானேலா.”

“வாசலுக்குக் கொண்டு வாங்க, வெளிச்சத்துல பாருங்க. இதுவும் அதுவும் ஒண்ணா?”

ஹபீப் முகம்மது தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, கிடங்கிலிருந்து இன்னொரு மூட்டையை அவிழ்க்கச் சொல்வார். அந்த மனுஷருக்கும் அவளைக் கண்டால் எரிச்சல்தான். ஆனாலும் அவள் வராத வருஷத்தில், டிரசர் வீட்டு அம்மா சௌக்கியமா என்று யாரிடமாவது விசாரிப்பார்.

அப்படிச் சண்டை போட்டு வாங்கியதுதான் அந்தப் பன்னிரண்டு உருண்டை வெள்ளை நூல். குழந்தைகளுக்கென்றே வந்த நூல், வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். பன்னிரண்டும் ஒரே நம்பர். கல்யாணமான மூன்றாம் வருஷம், நாள் இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தபோது வாங்கினாள். வாங்கி வந்த அடுத்த வாரம் அது இல்லையென்று ஆகிவிட்டது. அதன் பிறகு எதுவும் தங்கவில்லை, தள்ளிப்போகவும் இல்லை. நூல் மட்டும் பெட்டிக்குள் இருந்தது, காகிதப் பட்டை கிழியாமல்.

பெட்டிக்குள் நூலைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. மழைக்காலத்தில் பூஞ்சணம், வெயில் காலத்தில் பூச்சி, எல்லாக் காலத்திலும் கரப்பான். ரசகற்பூர உருண்டை கிடைத்த வரைக்கும் அதைப் போட்டாள். ஜப்பான்காரன் வந்த பிறகு அதுவும் போச்சு. புகையிலைக் காம்பும் மிளகும் துணியில் முடிந்து நாலு மூலையிலும் வைத்தாள். மிளகை ரசத்துக்குக் கேட்ட முருகையாவுக்குக் கிடைத்தது திட்டு.

முருகையாவிடம் அவளுக்கு வேறு இரண்டு வழக்குகள் இருந்தன.

முதலாவது, பின்னல் புத்தகம். ஜப்பான் பட்டாளம் வந்து வீடு வீடாக ரேடியோ தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மனுஷன் அவளுடைய ஒரே பின்னல் புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டார். பக்கம் பக்கமாக எழுத்தும் எண்ணுமாக இருந்ததாம். ரகசியச் செய்தி என்று நினைத்துத் தலையை வெட்டிவிடுவார்களாம். பட்டாளம் கடைசிவரை அந்த வீட்டுக்கு வரவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

இரண்டாவது, பழுப்பு ஸ்வெட்டர். அது கல்யாணமான புதிதில் அவருக்கென்று பின்னிய முதல் சாமான். இடது கை பின்னும்போது இருவருக்கும் ஏதோ சண்டை. என்ன சண்டை என்பது மறந்துவிட்டது. கோபத்தில் வரிசையை எண்ண மறந்து பின்னிக்கொண்டே போய்விட்டாள். தைத்து முடித்துப் பார்த்தால் இடது கை வலது கையைவிட ஒரு சாண் நீளம். பிரித்துச் சரி பண்ணுகிறேன் என்று கேட்டாள். கொடுக்கவில்லை. அதிகப்படிக் கையை மணிக்கட்டில் சுருட்டி விட்டுக்கொண்டு, மலேரியாக் குளிர் வரும்போதெல்லாம் அதைத்தான் மாட்டிக்கொள்வார். மூன்று நாளைக்கு ஒரு தடவை குளிர் வரும் உடம்பு அது. தோட்டத்தில் அத்தனை பேரும் அந்தச் சுருட்டிய கையைப் பார்த்துத்தான் டிரசரம்மாவின் கைவேலையை எடை போட்டார்கள். “குடுங்க, மானம் போகுது,” என்று பதினோரு வருஷம் கேட்டுவிட்டாள். “எனக்குப் பழகிப்போச்சு,” என்பார். அவ்வளவுதான் பதில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் துணி என்பதே இல்லாமல் போனது. ஆண்கள் சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். இரண்டு பெண்களுக்கு ஒரு சேலை இருந்த வீடுகளில் ஒருத்தி வெளியே போனால் மற்றவள் உள்ளே இருந்தாள். பழைய வேட்டி, கிழிந்த சேலை எல்லாம் அரிசிக்கு மாறி எப்போதோ கை மாறிப் போய்விட்டன. இப்போது வெள்ளிக்கிழமைகளில் வேலியோரம் நின்றவர்கள் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள்.

“ரெண்டு முழம் நூல் குடுங்கம்மா, சாக்கு தைக்கணும்.”

இந்த வெயிலில் யாருக்கு என்று கேட்ட அதே வாய்கள். பிரேமாவதிக்குச் சுள்ளென்று கோபம் வரும். வந்தாலும், மிச்சம் மீதி போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்து முழம் போட்டுக் கொடுப்பாள். அந்த வருஷம் அந்தத் தோட்டத்தில் சாக்கு உடுத்திப் போனவர்களின் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாகத் தையல் தெரிந்தது. வெள்ளையை மட்டும் யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் டின் மூடிவிடும்.

வைகாசியில் சயாம் ரயில் பாதை வேலைக்கென்று தொழிலாளர் லயத்து ஆண்களை லாரியில் ஏற்றிப்போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். போனவர்களில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற பக்கிரிசாமியும் ஒருவன். அவன் பெண்டாட்டி மருதம்மாள் அப்போது மூன்று மாதம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போனவள். மூன்று மாதம் போய் நாலு மாதம் ஆயிற்று, ஒரு தகவலும் இல்லை. மருதம்மாள் ஆஸ்பத்திரிப் படியில் வந்து உட்கார்ந்திருப்பாள். ஏதாவது கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தால் ஒன்றும் கேட்கமாட்டாள், டிரசரம்மாவின் பின்னல் ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். வெயில், கம்பளி என்று ஒரு வார்த்தை பேசாத ஒரே ஆள் அவள்தான். அதற்காகவே பிரேமாவதிக்கு அவளைப் பிடித்துப்போனது.

புரட்டாசியில் ஒருநாள் பிரேமாவதி பெட்டியைத் திறந்து வெள்ளை நூலில் இரண்டு உருண்டைகளை எடுத்தாள். முருகையா பார்த்துவிட்டு மருந்து கலக்கப் போனார். ஒரு ஊசி உடைந்துபோய், குடைக்கம்பியை ராவி மற்ற ஊசியாக வைத்திருந்தாள். அதை வைத்து ஒரு சின்னச் சட்டையும் குல்லாயும் பின்னினாள். அளவு தெரியவில்லை, புத்தகம்தான் அடுப்பில் போயிற்றே. பிறக்காத பிள்ளைக்கு யாரிடம் அளவு கேட்பது? கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணக்கில் பின்னினாள். மருதம்மாளிடம் சொல்லவும் இல்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில், எட்டாம் மாதத்திலேயே மருதம்மாளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி காளியம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். பத்து மணிக்குள் பிறந்துவிட்டது. பெண். முருகையாவின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிற்று. அழக்கூடத் தெம்பில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். உடம்பு சில்லிட்டிருந்தது.

“சூடு நிக்கணும்,” என்றார் முருகையா. “இன்னைக்கும் நாளைக்கும் சூடு நின்னா பொழைச்சுக்கும். நிக்கலைன்னா என் கையில ஒண்ணுமில்ல.”

வெந்நீரைப் புட்டியில் ஊற்றி இரண்டு பக்கமும் வைக்கலாம். சுற்றத்தான் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் பஞ்சு தீர்ந்து எட்டு மாதம். கம்பளிப் போர்வைகளைப் பட்டாளம் தூக்கிப்போயிருந்தது. மருதம்மாளின் ஒரே சேலை மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. இருந்தது சாக்கு. அந்தத் தோலில் சாக்கைச் சுற்றினால் தோல் உரிந்து வந்துவிடும்.

பிரேமாவதி மழையிலேயே வீட்டுக்கு ஓடி, சட்டையையும் குல்லாயையும் மார்போடு அணைத்து நனையாமல் கொண்டுவந்தாள். காளியம்மா கையை நீட்டி மறித்தாள்.

“ஐயோ, புதுசா? ஆகாதும்மா. பச்சைப்பிள்ளைக்கு முதல்ல பழந்துணிதான் போடணும். நாலு பேர் உடுத்திப் பழகின துணி. அதுவும் பொறக்கறதுக்கு முந்தியே பின்னி வச்சிருக்கீங்க. யாராவது அப்படிச் செய்வாங்களா?”

“பழந்துணிக்கு எங்கடி போறது? இந்தத் தோட்டத்துல யார் வீட்டுல துணி இருக்கு, சொல்லு! சாஸ்திரத்தைப் பாத்தா பிள்ளை வெறைச்சுப்போகும்!”

காளியம்மா மருதம்மாளைப் பார்த்தாள். பாயில் கிடந்த மருதம்மாள் மெல்லச் சொன்னாள்.

“வேணாம்மா. ரெண்டாவதுக்கு நானே ஆசைப்பட்டுப் புதுச்சட்டை தச்சு வச்சேன். மூணா நாள் போயிருச்சு. கோவிச்சுக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு.”

பிரேமாவதி சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். புதுசு என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பிள்ளை தங்காத கை பின்னியது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததும் அவள் காதில் விழுந்தது, அதுதான் அதிகமாக வலித்தது. அழுகை வரும் இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வரும். காளியம்மா மேல் கோபம், மழை மேல் கோபம், பக்கிரிசாமியை ஏற்றிப்போன லாரி மேல் கோபம், ஆசைப்பட்டுத் தொலைத்த தன் மேலேயே கோபம்.

அந்தக் கோபத்தோடு திரும்பினால், எதிரில் முருகையா நிற்கிறார். அன்றைக்கு அவருக்குக் குளிர் வரும் முறை. பல் கிடுகிடுக்க, அந்தப் பழுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, சுருட்டிய இடது கையோடு அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

பிரேமாவதி அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

“கழட்டுங்க.”

“இப்பவா? எனக்குக் குளிருது பிரேமா.”

“பதினோரு வருஷமாக் கேக்கறேன், இன்னைக்காவது கழட்டுங்க!”

அவருக்கும் அப்போது புரிந்துவிட்டது. நடுங்கிக்கொண்டே தலை வழியாக உருவிக் கொடுத்தார். தோளில் கையைச் சேர்த்துத் தைத்த இடம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். முதல் வேலை அல்லவா, முடிச்சு ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவு. இரண்டு முடிச்சை அறுத்து நூலை இழுத்தாள், இடது கை தனியாக வந்துவிட்டது. மணிக்கட்டுப் பக்கத்தை ஒரு துண்டு நூலால் இறுக்கிக் கட்டினாள். ஒரு நீளப் பை.

காளியம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பதினோரு வருஷத்து வியர்வை, மருந்து, சுருட்டுப் புகை. முழங்கை தேய்ந்து ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுதாம்மா துணி,” என்றாள் திருப்தியாக. “இதை முந்தியே குடுத்திருக்கலாமே?”

பிரேமாவதிக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. ஒரே நம்பரில் சண்டை போட்டு வாங்கிய வெண்ணெய் நூல் ஆகாதாம். இந்த நாற்றம் பிடித்த தப்புப் பின்னல்தான் ஆகுமாம். ஆனால் அடித்துத் துவைத்து, போட்டுத் தேய்த்து, அந்தக் கம்பளி பஞ்சாகக் குழைந்திருந்தது உண்மை. குழந்தையைக் கால் பக்கமாக உள்ளே விட்டார்கள். கழுத்துவரை போயிற்று. அதிகப்படியாக இருந்த அந்த ஒரு சாணை மடித்துத் தலையைச் சுற்றி மூடினார்கள். சரியான அளவில் பின்னியிருந்தால் தலை வெளியே நின்றிருக்கும். அதைக் காளியம்மா சொல்லவில்லை, முருகையாதான் சொன்னார். பல் கிடுகிடுக்கிற நேரத்திலும் அந்த மனுஷருக்கு வாய் சும்மா இருக்காது.

அன்று முழுதும் பிரேமாவதி அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தாய்ப்பாலைச் சொட்டு மருந்துக் குழலில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெந்நீர்ப் புட்டியை மாற்றினாள். மூலையில் முருகையா ஒற்றைக் கை ஸ்வெட்டரும் மேலே இரண்டு சாக்குமாக நடுங்கிக்கொண்டு கிடந்தார். அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. மடியில் கிடந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம், போங்கடி. சட்டையின் முனையைப் பிடித்து இழுத்தாள். பதினைந்து நாள் வேலை சரசரவென்று பிரிந்து மடியில் குவிந்தது. குல்லாயையும் விடவில்லை. பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது, நனைத்துக் காயவைக்கப் பொறுமையில்லை. அப்படியே அறுபது கண்ணி போட்டு முருகையாவுக்கு இடது கை பின்ன ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரிசையையும் எண்ணினாள்.

மறுநாளும் உடம்பில் சூடு நின்றது. மூன்றாம் நாள் யாரும் மூச்சுவிடவில்லை, மருதம்மாள் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மத்தியானம் பைக்குள்ளிருந்து ஒரு அழுகை வந்தது, மழைச் சத்தத்தையும் மீறி. நாலாம் நாள் குழந்தை தானே முலை பிடித்தது.

பிள்ளைக்கு முப்பதாம் நாள் தீட்டுக் கழிந்த பிறகு மருதம்மாள் டிரசர் வீட்டுக்கு வந்தாள். ஒரு தோளில் பிள்ளை. மறு கையில் அந்தப் பழுப்புக் கை, துவைத்துக் காயவைத்து நாலாக மடித்திருந்தாள். முருகையா வாசலில் நின்றிருந்தார், ஸ்வெட்டரின் உடம்பும் ஒரு கையும் பழுப்பு, மற்ற கை வெள்ளை. தோட்டத்து ஜனங்களுக்குச் சிரிக்க இன்னும் பத்து வருஷத்துக்கு ஆகும். மருதம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பிரேமாவதியிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, முப்பது ஆயிருச்சு. இனிமே புதுசு போடலாம். அந்த வெள்ளைச் சட்டை இருந்தா குடுங்க. உங்க கையாலேயே போட்டுவிடுங்க.”

பிரேமாவதி அவளையே பார்த்தாள். அப்புறம் வெடித்தாள்.

“இப்ப வந்து கேளுடி! அன்னைக்கு வேணாம், ஆகாது. இன்னைக்கு வேணுமா? பிரிச்சாச்சு! அந்தா நிக்கறாரு பாரு, அவரு கையில இருக்கு உன் சட்டை! குல்லாயும் அங்கதான்! இந்தக் குடைக்கம்பியை வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு உனக்கென்ன தெரியும்?”

மருதம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. “தெரியாம கேட்டுட்டேங்க்கா,” என்று திரும்பினாள்.

“எங்க போற? நில்லு.”

பிரேமாவதி உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. புகையிலை வாசனையோடு ஒரு புது உருண்டையைக் கொண்டுவந்தாள். காகிதப் பட்டையின் நம்பரை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதைக் கிழித்துக் கீழே போட்டாள். கண் கலங்கியிருந்ததால் நூல் முனையைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. அதற்கும் ஹபீப் முகம்மதுவைத்தான் திட்டினாள்.

“பிள்ளைய இப்படிக் குடு. அளவெடுக்காம நான் எப்படிப் பின்றது?”

மருதம்மாள் குழந்தையை அவள் மடியில் வைத்தாள். பிரேமாவதி நூலை அதன் மார்பைச் சுற்றிப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். ஒரு தடவை அளந்தால் போதும். அவள் மூன்று தடவை அளந்தாள், மருதம்மாள் பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள்.